காணி நிரப்ப முதல் மட்டம் பாருங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீடு கட்டப்போகிறவர் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு முடியும்?" என்று. அடுத்த கேள்வி, "எத்தனை லோட் கிறவல் போடவேணும்?" ஊர் வெள்ளத்தில் நிற்குமா, வடியுமா என்பது இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் தங்கியிருக்கிறது. அந்தப் பதிலைப் பெரும்பாலும் ரிப்பர்காரரே சொல்லிவிடுகிறார்: "பக்கத்து வளவை விட ஒரு அடி உசத்திப் போடுங்க." சில வருடம் கழித்துப் பக்கத்து வளவுக்காரர் பழைய வீட்டை உடைத்துக் கட்டும்போது அவருக்கும் இதே ஆலோசனைதான் கிடைக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருக்கிற, வீட்டைத் திருத்தக் கையில் காசில்லாத மூன்றாமவரின் முற்றம் குளமாகும்.

இங்கே விளக்க வருவது மட்டம் என்ற ஒரே விடயத்தை. கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும் சந்திக்கிற இடம் அது. அறை எத்தனை, முகப்பு எப்படி என்பதெல்லாம் அவரவர் விருப்பம். தளத்தின் உயரம் மட்டும் அப்படியல்ல, அது அயலாரையும் தொடுகிற தீர்மானம்.

மட்டம் என்பது ஒரு புள்ளியின் உயரம். நில அளவையாளர் அதைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்து சொல்வார். வீடு கட்டுகிறவர் ஐந்து மட்டங்களை அறிந்திருந்தால் போதும். வீட்டுத் தளம், முற்றம், வீதியின் நடு, கானின் அடி, கான் போய் விழுகிற இடத்தின் நீர்மட்டம். இந்த ஐந்தும் சொன்ன வரிசையிலேயே ஒன்றுக்கொன்று கீழே இருந்தால் தண்ணீர் தானாகப் போகும். வரிசையில் ஏதாவது இரண்டு இடம் மாறினால் அந்த இடத்தில் தேங்கும். நம்முடைய ஊர்களில் மாறாத வரிசையைக் காண்பதுதான் அரிது. முற்றத்தை விட வீதி உயரம், வீதிக் கானை விட வாவி உயரம்.

நிலம் கிடக்கிற விதம்

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அக்கரைப்பற்று வரை நெடுகிலும் குடியிருப்பு கரையோர மணல் நிலத்தில்தான். கிழக்கே கடல். மேற்கே வாவி, அல்லது வயல் வட்டை. இடையில் மணல் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். அந்தப் பள்ளங்களில் சில கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் தோணா என்ற பெயரோடு இன்னமும் இருக்கின்றன. மாரியில் நிறைந்து, வாய் வெட்டிவிட்டால் கடலுக்கு ஓடும் ஒடுங்கிய நீர்நிலை அது. பல இடங்களில் தோணாவின் அகலத்தை இரு கரை மதில்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. மீதியை ஆற்றுவாழையும் குப்பையும் பிடித்திருக்கின்றன.

முந்திய காலத்துச் சனம் மேட்டில் குடியிருந்தது, பள்ளத்தைத் தண்ணீருக்கு விட்டது. யாரும் திட்டம் வரைந்து கொடுக்கவில்லை. நாற்பது பேர்ச் வளவில் ஒரு வீடு, நாலு தென்னை, மீதி வெறும் மணல் என்றிருந்தபோது மேட்டுக்குப் பஞ்சமில்லை. இப்போது மேடு தீர்ந்துவிட்டது. விலைக்கு வருவதெல்லாம் பள்ளக் காணி, வயலோரக் காணி, தோணாக் கரை. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அதுவும் கிடைப்பதில்லை.

மழையின் கணக்கு இது. மட்டக்களப்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் மூன்று விடயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது, நிலத்தடி நீர் ஏறிவிடுகிறது. சித்திரையில் பத்து அடிக்குக் கீழே கிடந்த கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் கையால் அள்ளுகிற உயரத்துக்கு வரும். அதாவது மணல் ஏற்கனவே நிறைந்துவிட்டது, இனி அது குடிக்காது. இரண்டாவது, மேற்கிலிருந்து உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் மேலதிக நீர் வாவிக்குள் இறங்குகிறது. அம்பாறைக் கரையோரத்தில் கல்லோயாப் படுகையின் நீர் வட்டைகளை நிரப்பிக்கொண்டு வருகிறது. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவுவது இதனால்தான். மூன்றாவது, பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று முகத்துவாரமும் கோடையில் மணல் திட்டு வளர்ந்து அடைபட்டிருக்கும். மாரியில் அவை உடையும் வரை, அல்லது வெட்டிவிடும் வரை, வாவி மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். வாவி ஏறினால் அதற்குள் விழும் கான்களின் வாய் தண்ணீருக்குள் மூழ்கும். கானில் ஒரு பிடி குப்பை இல்லாவிட்டாலும் அப்போது வடியாது.

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டங்களும் கண்ட வெள்ளத்தை இந்த மூன்றும் சேர்ந்த விளைவாகப் பார்த்தால்தான் விளங்கும். "கான் துப்பரவு செய்யாததால் வந்தது" என்று சொல்வது பாதி உண்மை.

பத்துப் பேர்ச்சின் கணக்கு

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, மீற்றரில் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் சரியாக ஒரு லீற்றர். ஆக, பத்துப் பேர்ச் வளவில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 25,300 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இருபத்தைந்து. மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது நமக்குப் புதினமில்லை.

வெறும் மணல் முற்றமாக இருந்தால், நிலத்தடி நீர் மேலே வராத வரைக்கும் இதில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே ஓடும். கூரையும் கொங்கிறீற்றும் பத்தில் ஒன்பது பங்கை வெளியே தள்ளும். இன்ரர்லொக் கல் பதித்த முற்றம் இரண்டுக்கும் நடுவில். கல் பதித்தால் தண்ணீர் இறங்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். கல்லுக்குக் கீழே என்ன போட்டு உருட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மணலும் சல்லியும் என்றால் இறங்கும். களி கலந்த கிறவல் என்றால் சில மாதத்திலேயே இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும்.

இனி நிரப்புவதைப் பாருங்கள். இதே பத்துப் பேர்ச்சை முழுதாக இரண்டு அடி உயர்த்த 5,445 கன அடி மண் வேண்டும், அதாவது 54 கியூப்புக்குக் கொஞ்சம் மேலே. இறுகின பின் உள்ள அளவு அது. ரிப்பரில் வரும் இளகிய மண்ணாகக் கணக்கிட்டால் 65 கியூப்பைத் தாண்டும். மூன்று கியூப் ரிப்பர் என்றால் இருபத்திரண்டு லோட்.

பள்ளக் காணி என்றால் மாரியில் அந்த 5,445 கன அடியிலும் முன்பு தண்ணீர் நின்றது. லீற்றரில் 154,000. இதே வளவில் 100 மில்லிமீற்றர் மழை கொண்டுவரும் தண்ணீரைப் போல் ஆறு மடங்கு. நிரப்பின அன்றே அவ்வளவு தண்ணீருக்கும் இருக்க இடம் இல்லாமல் போகிறது. பத்து வளவு நிரம்பினால் பதினைந்து இலட்சம் லீற்றர். மழை கூடவில்லை, குளத்தைத் திறக்கவில்லை, ஆனாலும் அயலில் நீர்மட்டம் ஏறும். "முந்தி இந்த ஒழுங்கைக்கு வெள்ளமே வராது" என்று வயதானவர்கள் சொல்வது ஞாபகப் பிசகில்லை.

வீதி ஏறுகிற கதை

தனியார் நிரப்புவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அதே அளவு கெடுதல் ஒழுங்கைகளைக் கொங்கிறீற் போடுகிற முறையிலும் இருக்கிறது. வழக்கமாக நடப்பது: பழைய கிறவல் வீதிக்கு மேலே இன்னும் கொஞ்சம் கிறவல், அதற்கு மேலே நாலு அல்லது ஆறு அங்குலக் கொங்கிறீற். ஒரே வேலையில் வீதி அரை அடிக்கு மேல் ஏறிவிடும். இருபது வருடத்தில் இப்படி இரண்டு தரம் நடந்தால், வீதியிலிருந்து இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும்.

வெட்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடலாமே என்றால், போடலாம். செய்யாததற்குக் காரணம் உண்டு. வெட்டினால் குடிநீர்க் குழாய்கள் உடையும், வெட்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டச் செலவு, மதிப்பீட்டில் அதற்குக் காசு ஒதுக்குவதில்லை. ஒப்பந்தகாரருக்கு மேலே போடுவதுதான் லேசு. ஆகவே உங்கள் ஒழுங்கைக்கு வேலை வருகிறது என்று கேள்விப்பட்டதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முடிந்த பின் வீதியின் ஓரம் எந்த மட்டத்தில் நிற்கும்? ஒழுங்கையில் ஆகத் தாழ்ந்த வளவின் கேற்றடியை விட அது நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். வேலை தொடங்க முதல் மதில்களில் நூல் பிடித்து அந்த மட்டத்தைப் பெயின்றால் அடையாளமிடச் சொல்லுங்கள். கொங்கிறீற் கொட்டின பிறகு போராடிப் பயனில்லை.

தாழ்ந்த வீதியில் பெருமழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் சில மணித்தியாலம் நிற்கலாம். அது குறையல்ல. வீதியும் ஒரு வாய்க்கால்தான். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது, வீட்டுக்குள் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றுவதை விட மேல்.

கான் ஏன் ஓடவில்லை

கானின் கொள்ளளவை அகலத்தை வைத்து நினைக்கிறோம். சரிவும் அதே அளவு முக்கியம். இரண்டு அடி அகலக் கொங்கிறீற் கானில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். 500 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு இருந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 250 லீற்றர் போகும். 2,000 மீற்றருக்கு ஒரு மீற்றர்தான் சரிவு என்றால் அதே கானில் 130 லீற்றர் வரைதான். அடியில் அரை அடி மண்டி படிந்துவிட்டால் 75 லீற்றருக்கு இறங்கும்.

நல்ல சரிவாகவே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். பிரதான வீதியிலிருந்து வாவிக்கு 800 மீற்றர் தூரம் என்று வையுங்கள். 500க்கு 1 என்ற சரிவில் கானின் கடைசி, தொடக்கத்தை விட 1.6 மீற்றர் கீழே போக வேண்டும். நமது தட்டை நிலத்தில் அந்த இறக்கம் பெரும்பாலும் கிடையாது. வலிந்து தோண்டினால் கானின் வாய் வாவி மட்டத்துக்குக் கீழே போகும், மாரியில் வாவித் தண்ணீர் கான் வழியே ஊருக்குள் வரும். எனவே இங்கே நீண்ட ஒரே கானை விட, அருகிலுள்ள தோணாவுக்கோ குளத்துக்கோ வயல் வாய்க்காலுக்கோ போகும் குறுகிய கான்கள் பலதான் வேலை செய்யும். கிட்ட இருக்கிற நீர்நிலையை நிரப்பி மூடிவிட்டுத் தூரத்துக்குக் கான் கட்டுவதைப் போலக் காசு வீணாகிற வேலை வேறில்லை.

இன்னொரு சின்ன விடயம் பெரிய கானையே தோற்கடிக்கும். வீதிக்கும் கேற்றுக்கும் இடையில் கான் இருக்கிற இடத்தில், வாகனம் ஏற வீட்டுக்காரர் ஆறு அங்குல பீவீசிக் குழாய் ஒன்றைப் போட்டு மேலே கொங்கிறீற் இழுத்துவிடுவார். ஆறு அங்குலக் குழாய், 500க்கு 1 சரிவில், செக்கனுக்கு எட்டு லீற்றர் அளவுதான் கொண்டுபோகும். மேலே தண்ணீர் தேங்கி அழுத்தினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 130 லீற்றர் கொண்டுபோகக் கட்டிய கான், அந்த ஒரு கேற்றடியில் எட்டு லீற்றர்க் கானாகிவிடுகிறது. அதற்கு மேற்பக்கத்து வீடுகள் எல்லாம் மாநகர சபையைத் திட்டிக்கொண்டிருக்கும். சரியான வழி, கானின் முழு அகலத்தையும் உயரத்தையும் அப்படியே விட்டு, மேலே தூக்கக்கூடிய கொங்கிறீற் மூடி போடுவது. ஒரு மூடி இரண்டு பேர் தூக்கும் பாரத்துக்குள் இருக்க வேண்டும். ஒட்டிப் பூசிவிட்டால் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.

மட்டம் அளப்பது எப்படி

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேசன்மார் பாவிக்கிற தெளிந்த பிளாஸ்ரிக் குழாய், 20 முதல் 30 மீற்றர் நீளம், போதும். தண்ணீர் நிரப்பி, உள்ளே குமிழி ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். குமிழி இருந்தால் அங்குலக் கணக்கில் பிழைக்கும். ஒருவர் ஒரு முனையை வீட்டுச் சுவரோடும் மற்றவர் மறுமுனையை அளக்கவேண்டிய இடத்திலும் பிடித்தால் இரு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே நாடாவால் அளந்தால் உயர வித்தியாசம் கிடைக்கும்.

அயலில் அசையாத ஒரு புள்ளியைத் தெரிவு செய்யுங்கள். கோயில் அல்லது பள்ளிவாசல் படி, பழைய மதகின் மேல்விளிம்பு போன்றவை நல்லவை. வீதி நடு நல்லதல்ல, அது அடுத்த திட்டத்தில் ஏறிவிடும். அந்தப் புள்ளியை வைத்து உங்கள் முற்றம், நாலு பக்கத்து வளவு முற்றங்கள், வீதியின் நடு, கானின் அடி, கான் விழும் இடத்தின் நீர் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். முக்கியமானது வெள்ளக் கறை. பழைய மதில்களில் 2011 ஆம் ஆண்டின் கறையோ 2024 ஆம் ஆண்டின் கறையோ இன்னும் தெரியும், இல்லாவிட்டால் அயலார் கையை வைத்துக் காட்டுவார்கள். ஒருவர் காட்டுவதை நம்ப வேண்டாம், மூன்று வீட்டில் கேளுங்கள். வெள்ளம் நின்ற மட்டம் அயல் முழுக்க ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவர் காட்டுவது மட்டும் ஒரு அடி கூடினால் அது கதையில் ஏறின அடி.

அந்தக் கறைக்கு மேலே ஒரு அடி. உங்கள் வீட்டுத் தளத்தின் மட்டம் அதுதான். பக்கத்து வீட்டை விட எவ்வளவு என்பது கணக்கில் வரவே கூடாது.

வளவை விட்டு வீட்டை உயர்த்துங்கள்

தளம் கறைக்கு மேலே நிற்க வேண்டும் என்பதற்காக முற்றம் முழுவதையும் ஏற்றத் தேவையில்லை. ஆயிரம் சதுர அடி வீட்டின் அத்திவாரத்துக்குள் மட்டும் இரண்டு அடி நிரப்பினால் 20 கியூப்தான் இறுகின மண். வளவு முழுதும் என்றால் 54. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான செலவோடு முடியும். முற்றம் பழைய மட்டத்திலேயே இருந்து தண்ணீர் வாங்கும். கேற்றிலிருந்து வாசலுக்கு மட்டும் ஒரு நடைபாதையை உயர்த்தினால் மாரிக்குக் காணும். மிகத் தாழ்ந்த காணி என்றால் தூண்களில் நிற்கும் வீடு இன்னும் நல்லது. தூணும் பீமும் தளக் கொங்கிறீற்றும் விலைதான், ஆனால் நாலு அடி நிரப்புவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பயப்படுகிற அளவுக்கு இராது. கீழே வாகனம் நிற்கும்.

நிரப்புகிற இடத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். புல்லையும் வேரையும் கறுத்த மேல்மண்ணையும் அரை அடி வழித்து எடுங்கள். விட்டால் உக்கி இறங்கும். அத்திவாரம் நிரப்பின மண்ணில் நிற்கக் கூடாது, அதற்குக் கீழே அசையாத பழைய மணலைத் தொட வேண்டும். மண்ணை ஆறு முதல் ஒன்பது அங்குலப் படையாகப் போட்டு, ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு அடியையும் ஒரேயடியாகக் கொட்டித் தண்ணீர் பிடித்துவிடுகிறார்கள். மேலே மூன்று நாலு அங்குலம் இறுகும், கீழே இளகிக் கிடக்கும். இரண்டாவது மாரியில் குளியலறைத் தளம் பதிந்து, குழாய் மூட்டு விலகி, மாபிள் வெடிக்கும். குற்றம் மாபிள் ஒட்டினவர் மேல் விழும். கடற்கரை மண்ணை நிரப்பப் பாவிக்கவே வேண்டாம். உப்புக் கம்பியைத் தின்னும், சுவரில் பூக்கும், அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றமும்கூட.

எல்லை மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு அங்குலக் கல்லில் கட்டிய மதில், மறைப்புக்குக் கட்டியது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு அடி மண்ணைச் சாத்தினால், மழையில் நனைந்த மண்ணின் அழுத்தத்தை அது தாங்காது. முதலில் சரியும், பிறகு பக்கத்து வளவுக்குள் விழும். உயர்த்தியே ஆகவேண்டும் என்றால் மண் தாங்கும் சுவர் தனியாகக் கட்ட வேண்டும். அதற்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற வழக்கமாகச் சுவரில் துவாரம் விடுவார்கள். எல்லைச் சுவரில் அப்படி விட்டால் உங்கள் தண்ணீர் அயலாரின் முற்றத்துக்குப் போகும். துவாரத்துக்குப் பதிலாகச் சுவரின் உட்பக்கம் நெடுகச் சல்லி போட்டு, அடியில் துளையிட்ட குழாய் வைத்து, வீதிக் கானுக்கு இறக்குங்கள்.

மழைநீர்த் தாங்கி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பை ஏற்பாடு செய்ய 2007 ஆம் ஆண்டிலேயே நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல விடயம்தான். கோடையில் உதவும். வெள்ளத்தைக் குறைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் நாலாயிரம் லீற்றருக்கு மேல் வரும், 5,000 லீற்றர்த் தாங்கி மாரியின் முதல் நாட்களிலேயே நிரம்பி அப்படியே நிற்கும். முற்றத்தில் நூறு சதுர மீற்றர் இடத்தை அரை அடி பதித்துவிட்டால் அது 15,000 லீற்றரைப் பிடித்து வைக்கும், செலவும் இல்லை. நிலத்தடி நீர் மேலே வராத மழைகளுக்கு இது நல்ல பலன் தரும். மார்கழி நடுவில் அதுவும் நிறைந்துதான் கிடக்கும்.

பெண்பிள்ளைக்கு வீடு

கிழக்கில் காணி துண்டாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரும் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்கிற வழக்கம். மூன்று பெண்பிள்ளை என்றால் தாயின் வளவு மூன்றாகப் பிரியும், அடுத்த தலைமுறையில் இன்னும் பிரியும். நகரத் திட்ட விதிகளில் வீட்டுக் காணித் துண்டுக்கு வழமையான ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஆறு பேர்ச்சளவு. காணியில் கட்டடம் மூடக்கூடியது வீட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மீதி மூன்றில் ஒரு பங்கு காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமல்ல, தண்ணீருக்கும் விட்டது. அதைக் கொங்கிறீற்றால் மூடினால் விதி மீறப்படாமலே விதியின் நோக்கம் போய்விடுகிறது.

பதினெட்டுப் பேர்ச் வளவு 4,900 சதுர அடி. தலா 900 சதுர அடியில் மூன்று தனி வீடு கட்டினால் 2,700 சதுர அடி மூடுண்டு போகும், 55 வீதம். கடைசி வீட்டுக்குப் போக எட்டு அடி ஒழுங்கை விட்டால் மொத்தம் 70 வீதத்தைத் தொடும். அதே மூன்று வீட்டில் ஒன்றை இன்னொன்றின் மேலே கட்டினால் வீடுகள் மூடுவது 37 வீதம்தான். முற்றம் மிஞ்சும், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே விடவேண்டிய ஐம்பது அடிக்கும் வாய்ப்பு மிஞ்சும். ஆறு பேர்ச் துண்டில் அந்த ஐம்பது அடியை எடுப்பது பெரும்பாலும் சரிவராது. வெள்ளத்தில் மலக்குழி மூழ்கும்போது கிணறும் போகும் என்பதால் இது லேசான விடயமல்ல.

"மேல்வீட்டுக்கு உறுதி எழுத ஏலாதே" என்பதுதான் தாய்மார் சொல்லும் தடை. ஏலும். மாடிவீட்டு உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான். உத்தரவு பெற்ற நில அளவையாளர் மாடிகளைத் தனித்தனி அலகாகப் பிரித்துப் படம் வரைந்து, உரிய ஒப்புதல் பெற்றுப் பதிய வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் இரண்டு தட்டுக்கு உரிய அத்திவாரமும் தனி வாசலுள்ள படிக்கட்டும் முதல் நாளே போட்டால்தான் இது சரிவரும். ஒரு தட்டுக்கு என்று கட்டி முடித்த வீட்டின் மேல் பிறகு ஏற்ற நினைப்பது ஆபத்து.

எங்கே கேட்க வேண்டும்

கட்டட அனுமதி மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதி என்றால் அதன் விதிகளும் சேர்ந்து வரும். வயல் காணி என்றால், நிரப்ப முதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். விற்பவர் "எல்லாரும் நிரப்பித்தானே இருக்காங்க" என்று சொல்வது அனுமதியாகாது. கடலோரத்திலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். வாவி கடலோடு தொடுக்கப்பட்டது என்பதால் வாவிக் கரையிலும் அந்தச் சட்டம் பொருந்தக்கூடும், முற்பணம் கொடுக்க முதல் விசாரியுங்கள்.

அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் அறைகளின் அளவு எல்லாம் அங்குலக் கணக்கில் இருக்கும், மட்டம் பெரும்பாலும் ஒரு இலக்கமும் இருக்காது. வரைபவரிடம் சொல்லி அந்த ஐந்து மட்டங்களையும், எந்த அசையாத புள்ளியிலிருந்து அளந்தது என்பதையும் எழுதுவியுங்கள். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டின் கோப்பிலும் இது இருந்தால், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பத்துக் கோப்பை விரித்து வைத்தே அந்த ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். கான் எங்கே வேண்டும், எங்கே வீணென்பதும் அங்கேயே தெரியும்.